ஒரு கடல் குளிப்புக்கு என்ன செலவாகும்?

கூட வேலை செய்யும் பிள்ளை ஒருத்தி போன கிழமை தேத்தண்ணி நேரத்தில் கேட்டாள்: "அக்கா, நீங்கள் ஞாயிறு ஞாயிறாகக் கூஜியில்தானாம். வசதிதான் என்ன?"

சிரித்துவிட்டு விட்டேன். வீட்டுக்கு வந்து சோறு வடிக்கும்போதுதான் அந்த "வசதிதான்" மீன்முள் மாதிரித் தொண்டையில் நின்றது. அவள் பிழையாக ஒன்றும் சொல்லவில்லை. கூஜி, பொண்டாய், புரொண்டே எல்லாம் சிட்னியின் கிழக்குக் கடற்கரைகள். அவை என்றால் கடல் தெரியும் பல்கனியும் மில்லியன் கணக்கில் விலைபோகும் வீடும் என்றுதான் சிட்னியின் மேற்குப் பக்கத்தில் எல்லோருக்கும் நினைப்பு. நான் இருப்பது அந்த மேற்கில், பென்டில் ஹில்லில். முதியோர் இல்லத்தில் வேலை. எங்கள் வீட்டு வாசலிலிருந்து கடல் முப்பது கிலோமீட்டருக்கும் மேல். பல்கனி இருக்கிறது, ஆனால் அதிலிருந்து தெரிவது ரயில்வே வேலி.

சரி, கணக்குப் பார்த்துவிடுவோம் என்று உட்கார்ந்தேன்.

முதலில் நான் எப்படிக் கடலுக்குப் போகாமல் இருந்தேன் என்பதைச் சொல்ல வேண்டும். 1998இல் இந்த ஊருக்கு வந்தோம். அதற்குப் பிறகு பதினேழு வருடத்தில் கடற்கரைக்குப் போனது ஐந்தாறு தரம் இருக்கும். எல்லாம் ஒரே மாதிரி. நாலு குடும்பம், மூன்று கார், புளிச்சாதப் பெட்டி, மடக்குக் கதிரை. ஆண்கள் முழங்கால் வரை காற்சட்டையை மடித்துவிட்டு நிற்பார்கள். பெண்கள் கணுக்காலை நனைத்துவிட்டுப் பிள்ளைகளைப் பார்த்துக் கத்துவோம். பிறகு சாப்பாடு, படம், வீடு. கடலுக்குப் போய் வந்தோம் என்று ஊருக்குத் தொலைபேசியில் சொல்லுவோம். உப்புத்தண்ணீர் தோளில் பட்டிருக்காது.

2007 தை மாதம் இவர் கொஞ்சம் துணிந்தார். உயிர்காப்பாளர்கள் காவல் நிற்கும் இடத்தைக் காட்டும் கொடி இல்லாத இடத்தில் தண்ணீர் அமைதியாகத் தெரிந்தது. அதனால் அங்கே இறங்கினார். இடுப்பளவுதான். திரும்பிப் பார்க்கிறேன், ஆள் தலையளவு ஆழத்தில். கையை அசைக்கிறார். நானும் முட்டாள்மாதிரி பதிலுக்குக் கையை அசைத்தேன். பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரப் பெடியன்தான் விளங்கிக்கொண்டு ஓடினான். மஞ்சளும் சிவப்புமான தொப்பி போட்ட இரண்டு பேர் பலகையோடு போய் இவரை ஏற்றிக்கொண்டு வந்தார்கள். காசு கேட்கவில்லை, பெயர்கூடக் கேட்கவில்லை. அவர்கள் சம்பளம் இல்லாமல் நிற்கும் தொண்டர்கள் என்பது எனக்கு அன்றைக்குத் தெரியாது.

கரைக்குத் தள்ளப்பட்ட தண்ணீர் எங்காவது திரும்பிப் போகத்தானே வேண்டும். மணல் ஆழமாகக் குடைந்திருக்கும் இடமாகப் பார்த்து ஆறு மாதிரி ஓடித் திரும்பும். அங்கே ஆழம் என்பதால் அலை உடையாது. ஆகவே பார்ப்பதற்கு அதுதான் அமைதியான இடம். தெரியாதவன் அங்கேதான் இறங்குவான். இதை யாராவது எங்களுக்கு வந்த முதல் வருடமே சொல்லியிருக்கலாம். 1938 மாசியில் பொண்டாயில் கொஞ்ச நேரத்துக்குள் இருநூறுக்கு மேற்பட்டவர்களைக் கடல் இழுத்துக்கொண்டு போய், ஐந்து பேர் இறந்தார்கள். கடலோடு பழகிய ஊரிலேயே அப்படி. நாங்கள் எம்மாத்திரம்.

இவர் இழுபட்ட அந்த நாளுக்குப் பிறகு எங்கள் வீட்டில் கடல் என்ற சொல்லே எடுபடவில்லை.

பிறகு எனக்கு மூட்டுவலி வந்தது. ஆட்களைத் தூக்கி இறக்கும் வேலை அல்லவா. தண்ணீரில் நடக்கச் சொன்னார் வைத்தியர். ஒரு உள்ளக நீச்சல் குளத்துக்குப் போனேன். பெயர் வேண்டாம். பருத்திச் சட்டையும் லெகிங்ஸும் போட்டுக்கொண்டு போன என்னைக் கரையிலேயே மறித்தார்கள். பருத்தி நூல் பிரிந்து வடிகட்டியில் அடைக்குமாம். நியாயமான காரணமாகக்கூட இருக்கலாம். ஆனால் ஒரு பதினெட்டு வயதுப் பிள்ளை, விசிலைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, எல்லோரும் பார்க்க என் உடுப்பை மேலிருந்து கீழே பார்த்த பார்வை காரணத்தைவிட நீளமானது. கட்டின காசைத் திருப்பிக் கேட்கவும் வெட்கமாக இருந்தது. காரில் வந்து இருந்து கொஞ்சம் அழுதேன்.

இதையெல்லாம் வேலையில் கதைத்தபோது கேட்டுக்கொண்டிருந்தவள் ஒரு லெபனான்காரத் தோழி. "உனக்குக் கூஜியில் இருக்கும் பெண்கள் குளம் தெரியாதா?" என்றாள். தெரியாது என்றேன். "ஞாயிறு வா" என்றாள். அது 2015 மாசி.

கூஜிக் கடற்கரையில் பஸ்ஸால் இறங்கித் தெற்குப் பக்கமாக மேடு ஏறினால் பூங்காவுக்குள் ஒரு பாதை. அதன் ஓரத்தில் வீட்டுப் படலை மாதிரி ஒரு வாசல். தாண்டினால் கண்டபாட்டுக்கு இறங்கும் படிகள். படியில் பாதி தூரம் போனதும் அப்படியே நின்றுவிட்டேன்.

எனக்கு ஊர் அளவெட்டி. சின்ன வயதில் கீரிமலைக்குச் சைக்கிளில் போயிருக்கிறோம். கேணி ஒரு பக்கம், மதில், மதிலுக்கு அப்பால் கடல். ஆண்களுக்கு ஒரு கேணி, பெண்களுக்கு மறைப்புக் கட்டிய சின்னக் கேணி. அதிலே பாவாடையை நெஞ்சுக்கு ஏற்றிக் கட்டிக்கொண்டு அம்மாவும் பெரியம்மாவும் குளிப்பார்கள். ஒரு சதமும் இல்லை. 1990க்குப் பிறகு அந்தப் பக்கமே போக முடியாமல் போயிற்று. இங்கே இந்தப் படியில் நின்று பார்க்கிறேன்: பாறை, பாறையோடு ஒட்டிச் சீமெந்துச் சுவர், சுவருக்கு இந்தப் பக்கம் பச்சைத் தண்ணீர், அந்தப் பக்கம் பசிபிக் சமுத்திரம். உள்ளே எழுபது வயதுக் கிழவிகள், கைக்குழந்தையோடு ஒருத்தி, தலையிலிருந்து கால் வரை மூடிய புர்கினியில் மூன்று பேர், பாறையில் மேலாடை இல்லாமல் வெயில் காயும் இருவர். ஒருவரையொருவர் யாரும் பார்க்கவில்லை. கீரிமலை நல்ல தண்ணீர், இது உப்பு. அவ்வளவுதான் வித்தியாசம் என்று அன்றைக்குத் தோன்றியது.

வாசலில் கொஞ்சம் சில்லறை. அவ்வளவுதான் கட்டணம். பழைய ஆட்களைக் கேட்டால் வாளிக்குள் 20 சதம் போட்டுவிட்டு இறங்கிய காலத்தைச் சொல்லுவார்கள்.

என் பருத்திச் சட்டையைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அங்கே வடிகட்டி இல்லை, அடைக்க.

இந்தக் குளங்கள் வேலை செய்யும் விதம் எனக்கு இன்னும் அதிசயம்தான். கடலோரத்தில் தட்டையாகக் கிடக்கும் பாறையில், இயற்கையாகவே பள்ளம் இருக்கும் இடம் பார்த்து, கடல் பக்கம் ஒரு சுவர் கட்டுகிறார்கள். சுவரின் உயரத்தில்தான் சூட்சுமம் இருக்கிறது. வற்று நேரத்தில் தண்ணீர் உள்ளே நிற்க வேண்டும், பெருக்கு நேரத்தில் அலை சுவரைத் தாண்டி விழுந்து பழைய தண்ணீரை மாற்ற வேண்டும். பெரும்பாலும் பம்ப் இல்லை, குளோரின் இல்லை, சூடாக்கி இல்லை. சுழி இல்லை, இழுவை இல்லை. மீன் உண்டு. பாறை இடுக்கில் முள்ளெலி மாதிரிக் கறுப்பு உயிர்கள் உண்டு, அவற்றை மிதித்தால் நாலு நாளைக்கு நொண்ட வேண்டியதுதான். சீமெந்தால் தளம் போட்ட குளங்களில் அடியில் ஒரு கதவு இருக்கும். வற்று நேரம் பார்த்து அதைத் திறந்துவிட்டால் குளம் காலியாகும். மாநகரசபை ஆட்கள் பாசியைச் சுரண்டிக் கழுவிவிட்டுக் கதவை மூடுவார்கள். அடுத்த பெருக்குக்குக் கடலே வந்து நிரப்பிவிட்டுப் போகும். அதற்கு யார் பில் அனுப்புவது?

நியூ சவுத் வேல்ஸ் கரை நெடுக இப்படி நூறளவில் இருக்கின்றன. பெரும்பாலானவை இலவசம். சிட்னிக்கு வடக்கே நியூகாசிலில் போகி ஹோல் என்று ஒன்று, 1819ஆம் ஆண்டளவில் கைதிகளைக் கொண்டு பாறையில் வெட்டியது. வெட்டியது கைதிகள், குளித்தது அவர்களை ஆண்ட இராணுவ அதிகாரி. கதை எங்கும் அப்படித்தான் தொடங்கும். 1930களில் வேலை இல்லாமல் திண்டாடிய ஆட்களுக்கு நிவாரண வேலையாகப் பல குளங்களைக் கட்டுவித்தார்கள். இப்போது நான் யோசிக்கிறேன், அந்தக் கஷ்ட காலத்திலும் நகரத்து ஆட்கள் குளிப்பதற்கு ஒரு சுவர் கட்டலாம் என்று தோன்றியிருக்கிறதே.

அதற்கு முன் பகலில் கடலில் குளிப்பதே இங்கே குற்றம். 1830களில் போட்ட சட்டம்: காலை ஆறு மணிக்கும் இரவு எட்டு மணிக்கும் இடையில் ஊர் பார்க்கும் இடத்தில் குளிக்கக்கூடாது. வேலைக்குப் போகிறவன் எப்போதுதான் குளிப்பான்? 1902 ஐப்பசியில் சிட்னியின் மான்லிக் கடற்கரையில் கோச்சர் என்று ஒரு பத்திரிகைக்காரர், தன் பத்திரிகையிலேயே அறிவித்துவிட்டு நடுப்பகலில் கடலுக்குள் இறங்கினார். அவருக்குத் தண்டனை ஒன்றும் கிடைக்கவில்லை. அடுத்த வருடம் மான்லி மாநகரசபை விதியை மாற்றியது, கழுத்திலிருந்து முழங்கால் வரை மூட வேண்டும் என்ற நிபந்தனையோடு. அப்படிப் பார்த்தால் அந்த உள்ளக நீச்சல் குளத்தில் என்னை மறித்த உடுப்பு 1903இல் மான்லியில் செல்லுபடியாகியிருக்கும்.

நான் போகும் பெண்கள் குளத்துக்கு மக்கைவர் குளம் என்று பெயர். 1886இலிருந்து பெண்களுக்கென்று இருக்கிறது. 1920களிலிருந்து உள்ளூர்ப் பெண்கள் நீச்சல் சங்கம்தான் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறது. ஆண்களை விடாதது பாகுபாடு என்று முறைப்பாடு போய், கடைசியில் 1995இல் சட்டத்திலிருந்து விலக்குக் கொடுத்தார்கள். எனக்கு அந்த விவாதத்தில் அவ்வளவு பொறுமை இல்லை. அவ்வளவு நீளக் கரையில் ஒரு சின்னக் குளம் பெண்களுக்கென்று இருந்தால் யாருக்கு என்ன குறைந்துவிடும்? அந்த மறைப்பு இல்லாவிட்டால் என்னைப் போன்ற எத்தனையோ பேர் சாகும்வரை கணுக்கால் நனைத்தவர்களாகவே இருந்திருப்போம்.

ஆனால் மறைப்புக்கும் இன்னொரு முகம் உண்டு. பக்கத்திலேயே வைலி குளம் இருக்கிறது, மரப்பலகை நடைமேடையோடு வடிவான இடம், ஆனால் கட்டணம் அதிகம். 1907இல் ஹென்றி வைலி கட்டியது. அவருடைய மகள் மினா. வில்ஹெல்மினாவின் சுருக்கமாம். நான் முதலில் மீனா என்று வாசித்துவிட்டு, எங்கள் பிள்ளையா என்று ஒரு நிமிடம் திகைத்தேன். அவளும் ஃபனி டூராக்கும் 1912இல் ஸ்டொக்ஹோம் ஒலிம்பிக்குக்குப் போக நின்றபோது, மறித்தது ஆண்கள் மட்டும் அல்ல. ஆண்கள் பார்க்கும் இடத்தில் பெண்கள் நீந்தக்கூடாது என்ற விதி பெண்கள் நீச்சல் சங்கத்தின் சொந்த விதி. ஊர் சத்தம் போட்டு விதியை மாற்ற வைத்தது. பயணத்துக்கு அரசு காசு கொடுக்கவில்லை. போனார்கள், நூறு மீட்டரில் ஃபனிக்குத் தங்கம், மினாவுக்கு வெள்ளி. ஃபனி நீந்தப் பழகியது கூஜியில்தான். மலிவாகத் தண்ணீர் கிடைத்த இடத்திலிருந்து வந்த பதக்கங்கள் அவை.

சரி, கணக்குக்கு வருகிறேன்.

குளத்து வாசலில் கொஞ்சம் சில்லறை என்றேன். வெளியே கூஜிக் கடற்கரையின் தெற்கு மூலையில் 1947இல் கட்டிய ரொஸ் ஜோன்ஸ் குளம் இருக்கிறது, கோட்டைக் கொத்தளம் மாதிரிச் சுவர் வைத்தது. அதற்கு அதுவும் இல்லை. அப்படியானால் கடல் குளிப்பு சும்மாதானே? எங்கள் தெருவில் ஏன் யாரும் போவதில்லை?

காரில் போனால் வாகனம் நிறுத்துவதற்கே நெஞ்சுவலி வரும். பொண்டாய்ப் பக்கம் மணிக்கணக்குக் கட்டணம், அந்தப் பகுதியில் வசிப்பவர்களுக்குச் சலுகை அட்டை. அதாவது கடலுக்குப் பக்கத்தில் வீடு வாங்கக் காசுள்ளவனுக்குச் சலுகை, தூரத்திலிருந்து வருபவனுக்கு முழுக் கட்டணம். இதை யோசித்தவர்கள் தங்கள் வாக்காளர்களைத்தான் யோசித்தார்கள், பிழை சொல்ல முடியாது. ஆனால் எனக்குக் கோபம் வரும்.

ரயிலும் பஸ்ஸும் என்றால், 2015இல் ஞாயிற்றுக்கிழமை ஓப்பல் என்ற பயண அட்டையில் நாள் முழுவதும் எவ்வளவு சுற்றினாலும் இரண்டரை டொலர். பென்டில் ஹில்லில் ஏறி, சென்ட்ரலில் இறங்கி, அங்கிருந்து பஸ்ஸில் கூஜி. எல்லாம் சேர்த்து இரண்டு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் குறைய. நான் கடலுக்குப் போகத் தொடங்கியதற்கு என் தோழி ஒரு காரணம், அந்த இரண்டரை டொலர் மற்றக் காரணம். குளம் கட்டியவர்களுக்கு விழா எடுக்கிறார்கள், அந்த ஞாயிற்றுக் கட்டணத்தை யோசித்த ஆளுக்கு யாரும் ஒரு பூச்செண்டு கொடுத்ததாகத் தெரியவில்லை. இப்போது அந்த ஞாயிற்று உச்சவரம்பு அதைப்போல மூன்று மடங்குக்கும் மேல். கூஜிக்குப் பக்கத்து ராண்ட்விக் வரை இலகு ரயில் 2019 மார்கழியில் வந்துவிட்டது, பயணம் சுகம்தான். ஆனால் தாயும் தகப்பனும் இரண்டு பிள்ளைகளும் போய்வரும் செலவு இப்போது ஒரு நேரச் சாப்பாட்டுச் சாமான். முதியவர்களின் தங்க நிற அட்டைக்கு மட்டும் இன்றும் இரண்டரை டொலர்தான். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இன்னொரு செலவு வெட்கம். இரண்டாவது தரம் போனபோது மாற்று உடுப்பு கொண்டுபோக மறந்துவிட்டேன். ஈரச் சட்டைக்கு மேல் ஒரு ரீசேட்டைப் போட்டுக்கொண்டு பஸ்ஸில் ஏறி இருந்தேன். நான் எழும்பியபோது இருக்கையில் என் அளவுக்கு ஒரு ஈர வட்டம். பின்னால் வந்த மனிதர் பார்க்காமல் அதில் இருந்துவிட்டார். அவர் ஒன்றும் சொல்லவில்லை. எழும்பிக் காற்சட்டையைத் தடவிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். சென்ட்ரல் வரை நான் நின்றுகொண்டே வந்தேன். கடலுக்குப் பக்கத்தில் வீடு உள்ளவள் துவாயைச் சுற்றிக்கொண்டு நடந்து போய்விடுவாள். தூரத்துக்காரிக்கு உடுப்பு மாற்றும் அறையும் நல்ல தண்ணீர்க் குழாயும் பூட்டி வைக்க ஒரு பெட்டியும் வேண்டும். அது ஆடம்பரம் இல்லை. அது இல்லாவிட்டால் குளம் பக்கத்துத் தெருக்காரரின் குளம்தான், இலவசம் என்று பலகை போட்டிருந்தாலும்.

இனி எனக்கு மிகவும் பிடித்த செலவைச் சொல்கிறேன். கழிவுநீர்.

சிரிக்க வேண்டாம். கூஜிக்குத் தெற்கே மலபார் என்று ஒரு இடம் இருக்கிறது. ஊர்ப்பெயரைப் பார்த்துவிட்டு மலையாளிகள் வந்து குடியேறிய இடம் என்று நினைத்தேன். இல்லை, 1931இல் அங்கே பாறையில் மோதி உடைந்த கப்பலின் பெயராம். அந்த மலபாரிலும் ஒரு கடல் குளம் இருக்கிறது. பல வருடம் அதில் யாரும் குளிக்க முடியாமல் கிடந்தது. காரணம், நகரத்தின் கழிவுநீர் பக்கத்திலேயே கரையோரமாகக் கடலில் விழுந்துகொண்டிருந்தது. எண்பதுகளின் கடைசியில் ஊர் பொங்கி எழுந்தது. 1989இல் கடற்கரைத் தண்ணீரைச் சோதித்து வெளியிடும் திட்டம் தொடங்கினார்கள். 1990, 91இல் மலபார், பொண்டாய், நோர்த் ஹெட் மூன்று இடத்திலும் கடலுக்கு அடியால் சுரங்கம் போட்டு, இரண்டிலிருந்து நாலு கிலோமீட்டர் தூரத்தில் ஆழக்கடலில் கொண்டுபோய் விட்டார்கள். பிறகுதான் மலபார் குளத்தைத் திருத்தித் திறந்தார்கள், 1997இல்.

நான் வாளிக்குள் போட்ட நாணயம் சுவரைப் பூசவும் காணாது. குளிக்கக்கூடிய தண்ணீர் என்பது சுவர் கட்டுவது அல்ல, சுரங்கம் தோண்டுவது. அதற்குக் காசு கொடுத்தது யார்? சிட்னி முழுவதும். எங்கள் வீட்டுத் தண்ணீர் பில்லிலும் கழிவுநீருக்கென்று ஒரு வரி இருக்கிறது, பாருங்கள். எங்கள் பக்கத்துக் குளியலறைத் தண்ணீர் மேற்கிலிருந்து நகரத்துக்கு அடியால் ஓடி நோர்த் ஹெட்டில்தான் கடலுக்குள் போகிறது. நாங்கள் கடலுக்குப் போகிறோமோ இல்லையோ, நாங்கள் குளித்த தண்ணீர் ஒவ்வொரு நாளும் போய்க்கொண்டுதான் இருக்கிறது, ஓப்பல் அட்டை இல்லாமல்.

அதனால்தான் 2024 ஐப்பசியில் கூஜி மணலில் கறுப்பு உருண்டைகள் ஒதுங்கிக் கடற்கரையை மூடியபோது நான் ஒன்றும் அதிர்ச்சி அடையவில்லை. முதலில் தார் உருண்டை என்றார்கள். சோதித்துப் பார்த்தால் கொழுப்பும் எண்ணெயும் மனிதக் கழிவுமாக நிறையச் சாமான். பொரித்த எண்ணெயைத் தொட்டிக்குள் ஊற்றும் பழக்கம் எங்கள் வீட்டிலும் இருந்தது. இப்போது போத்தலில் விட்டுக் குப்பையில் போடுகிறேன். மழை பெய்தால் கடலுக்கு ஒரு நாள், துறைமுகம், களப்பு என்றால் மூன்று நாள் இறங்கக்கூடாது என்பது இங்கே எழுதாத சட்டம். இல்லை, எழுதியும் இருக்கிறது, யாரும் வாசிப்பதில்லை.

மேற்குப் பக்கத்துக்கென்று 2023 மார்கழியில் பென்ரித்தில் ஏரிக்கரையில் மணல் போட்டு ஒரு கடற்கரை திறந்தார்கள். நுழைவு இலவசம். பிள்ளைகள் பொண்டாயின் (Bondi) முதல் எழுத்தை எடுத்துவிட்டுப் பென்ரித்தின் P-யை வைத்து, கேலியாக "Pondi" என்கிறார்கள். நல்லது, நான் குறை சொல்லவில்லை, பக்கத்தில் இருப்பவர்களுக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் அதைக் காட்டி "உங்களுக்குத்தான் ஒன்று தந்துவிட்டோமே" என்று யாராவது தொடங்கினால் எனக்குச் சம்மதம் இல்லை. ஏரி ஏரிதான். எங்கள் குழாய் அங்கே போகவில்லை.

என்னைக் கேட்டால் புதிய குளம்கூட வேண்டாம். கோடை ஞாயிறுகளில் பழைய இரண்டரை டொலரைத் திருப்பித் தரட்டும். கடல் குளங்களில் பெண்களுக்கென்று கிழமையில் இரண்டு மணித்தியாலம் ஒதுக்கட்டும். மறைப்பாக ஒரு துணி கட்டினாலே போதும். கொடிக்கு நடுவில் ஏன் குளிக்க வேண்டும் என்பதைத் தமிழிலும் அரபியிலும் நேபாளியிலும் எங்கள் பக்கத்து ரயில் நிலையங்களில் ஒட்டட்டும். கடற்கரையில் ஒட்டி என்ன பயன், அதற்குள் இவர் இறங்கிவிடுவார்.

போன தை மாதம் மாமியைக் கூட்டிக்கொண்டு போனேன். இவருடைய அம்மா. எண்பத்தொரு வயது. தங்க நிற அட்டையின் சொந்தக்காரி, இரண்டரை டொலர். முழு வழியும் "எனக்கென்னத்துக்கு இந்த வயசில" என்று முணுமுணுத்தார். படி செங்குத்து என்பதால் மூன்று இடத்தில் இருத்தி இருத்தி இறக்கினேன். முழங்கால் வரை தண்ணீர் வந்த படியில் இருந்தார். சேலையை மடித்துச் செருகிக்கொண்டு. பெருக்கு நேரம் தொடங்கியிருந்தது. அலை ஒன்று சுவரைத் தாண்டி வந்து குளம் முழுவதும் ஒரு குலுக்குக் குலுக்கி மாமியின் நெஞ்சு வரை நனைத்தது. "ஐயோ முருகா" என்று கத்தினார். பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரக் கிழவி சிரித்தாள். மாமியும் சிரித்தார். பிறகு அடுத்த அலைக்குக் கொஞ்சம் கீழ்ப்படிக்கு இறங்கி இருந்ததை நான் கண்டேன், கண்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

இப்போது நாங்கள் ஏழு பேர். பென்டில் ஹில்லிலிருந்து நாலு, டூங்காபியிலிருந்து இரண்டு, வேலையில் "வசதிதான்" என்று கேட்டாளே, அவளும். வருகிற ஞாயிறு காலை ரயிலில் முதல் பெட்டியில் இருப்போம். வர விரும்புகிறவர்கள் வாருங்கள். சில்லறை கொண்டு வாருங்கள், பழைய சப்பாத்து ஒரு சோடி, பாறை காலைக் கிழிக்கும். துவாய் இரண்டு. ஒன்று உங்களுக்கு, மற்றது பஸ் இருக்கைக்கு.